வழுவமைதி

தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தாலோ முதலாளி கதவை அடைத்தாலோ, நடந்த சண்டை எவ்வளவு பெரியது என்று சொல்ல அரசாங்கத்திடம் ஓர் அலகு இருக்கிறது. 'இழந்த மனித நாள்' என்று அதற்குப் பெயர். நூறு பேர் பத்து நாள் வேலை செய்யவில்லை என்றால் ஆயிரம் மனித நாள் இழப்பு. எண் குறைந்தால் தொழில் அமைதி நிலவுகிறது, கூடினால் குலைந்துவிட்டது. கொள்கை விளக்கக் குறிப்பு எழுதும் அதிகாரியிலிருந்து பத்திரிகைத் தலையங்கக்காரர்வரை எல்லோரும் இதை ஏற்றுக்கொண்டாயிற்று. தெர்மாமீட்டரைச் சந்தேகிக்கிறவர்கள் குறைவு. ஆனால் இந்த அலகுக்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. அதில் சென்னையின் பங்கு கணிசமானது. பெரம்பூரிலிருந்து மேற்கே அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி என்று போகும் பாதையில் அதைத் தொடர்ந்து பார்க்கலாம்.

கிராமத்தில் இதே கணக்கு 'ஆள்' என்ற ஒற்றைச் சொல்லில் ஓடியது. நடவுக்கு எட்டு ஆள், களையெடுக்க ஆறு ஆள். பையன் என்றால் அரை ஆள். அநியாயமான கணக்குத்தான், ஆனால் கூலி கொடுப்பதற்காகப் போட்ட கணக்கு. செய்த வேலையை அளந்தது. மனித நாளோ செய்யாத வேலையை அளக்கிறது. இழந்தது யார் என்ற கேள்வியைத் தன் பெயரிலேயே விழுங்கிவிடுகிறது. அதே அட்டவணையில் 'இழந்த கூலி' என்று இன்னொரு பத்தியும் உண்டு. அதை யாரும் மேற்கோள் காட்டி நான் கண்டதில்லை.

இந்தியா முழுமைக்கும் தொழில் தகராறுகளின் புள்ளிவிவரம் தொகுக்கத் தொடங்கியது 1921-ல். முதல் வருஷக் கணக்கில் 396 தகராறுகள், ஏறத்தாழ 6 லட்சம் தொழிலாளர், ஏறத்தாழ 70 லட்சம் மனித நாள். முதல் உலக யுத்தம் முடிந்து விலைவாசி ஏறி, பம்பாய், கல்கத்தா, சென்னை எங்கும் ஆலைகள் நின்று நின்று ஓடிய காலம். எண்ண வேண்டும் என்று ஆளுவோருக்குத் தோன்றியதில் வியப்பில்லை. அதற்கு முந்திய டிசம்பரில்தான் பெரம்பூர் பி அண்டு ஸி மில் தகராறில் போலீஸ் சுட்டு இரண்டு பேர் செத்திருந்தார்கள். 1918 ஏப்ரல் 27-ல் தோன்றிய சென்னைத் தொழிலாளர் சங்கத்தின் தலைவர் பி.பி. வாடியாமீது பின்னி கம்பெனி வழக்குப் போட்டது. தொழிலாளரைத் தூண்டி வேலை ஒப்பந்தத்தை முறிக்கச் செய்தார் என்பது குற்றச்சாட்டு. ஹைகோர்ட் தடையுத்தரவு கொடுத்தது. சங்கம் வைப்பவன் நஷ்டஈட்டுக்குப் பொறுப்பாளி ஆகிவிடுவான் என்ற பயத்திலிருந்து எழுந்த கிளர்ச்சி 1926-ன் தொழிற்சங்கச் சட்டம்வரை போயிற்று. கோர்ட்டில் 'நஷ்டம்', அட்டவணையில் 'இழப்பு'. ஒன்றைப் பார்த்து மற்றொன்றை எழுதினார்கள் என்பதற்கு ஆதாரம் ஏதும் தேவையில்லை. இரண்டும் ஒரே காலத்தின் காற்றைச் சுவாசித்தவை.

அந்த முதல் வருஷத்திலேயே அலகு தோற்றுவிட்டது. அது தோற்ற இடம் புளியந்தோப்பு.

1921 மே மாதம் கர்நாட்டிக் மில்லில் தொடங்கிய தகராறு ஜூனில் பக்கிங்ஹாம் மில்லுக்குப் பரவி, அக்டோபர்வரை இழுத்தது. இவ்வளவு நீண்ட போராட்டத்தை வேறெதுவும் இல்லாத குடும்பங்கள் தாங்குவது எப்படி? ஆதிதிராவிடத் தொழிலாளர் பெரும்பாலோர் வேலைக்குத் திரும்பினார்கள். சாதி இந்துக்களும் முஸ்லிம்களும் வெளியே நின்றார்கள். மில் வாசலில் இருந்த சண்டை தெருவுக்கு வந்தது. புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. இரு பக்கமும் அடித்துக்கொண்டார்கள். வியாசர்பாடியில் அகதி முகாம் போடவேண்டியதாயிற்று. ஆகஸ்டு கடைசியில் போலீஸ் சுட்டது. வாடியாவுக்குப் பின் சங்கத்தைத் தாங்கி நின்ற திரு.வி.க.வைக் கவர்னர் வெலிங்டன் நாடுகடத்துவதாக எச்சரித்தார். எம்.ஸி. ராஜா ஆதிதிராவிடர் பக்கம் நின்று பேசினார். ஜஸ்டிஸ் கட்சிமீது அவருக்கிருந்த நம்பிக்கை கரைந்தது இதில்தான் என்று சொல்லலாம். 1923-ல் கட்சியைவிட்டு வெளியேறினார்.

ஆலைத் தொழிலாளரின் ஒற்றுமை குலைந்த கதையாக இதைச் சொல்வது நம் இடதுசாரிகளின் வழக்கம். குலைவதற்கு முதலில் ஒற்றுமை இருந்திருக்க வேண்டும். ஒரே தறிக்கூடத்தில் வேலை செய்துவிட்டுத் தனித்தனிச் சேரிக்கும் தெருவுக்கும் திரும்பிப் போனவர்கள் அவர்கள். மே மாதத்துக்கு முன்னால் அந்தப் பிரிவினை எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. ஏறாததால் பெரம்பூர் அமைதியாக இருந்தது.

இனி, கணக்கெழுதியதைப் பாருங்கள். மில்லில் நின்ற தறிகள் தொழில் தகராறு என்ற தலைப்பில் மனித நாளாகப் போயின. எரிந்த குடிசைகள் கலகம் என்ற தலைப்பில் போலீஸ் இலாகாவுக்குப் போயின. ஒரே மனிதன் காலையில் ஸ்ட்ரைக்கர், மாலையில் கலகக்காரன். இரண்டு ஃபைல்களும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்வதில்லை. பேரேட்டோடு பிழைப்பு நடத்துகிறவன் என்ற முறையில் ஒன்று சொல்ல எனக்கு உரிமை உண்டு: தவறான தலைப்பில் எழுதிய பற்றும் கூட்டலில் ஒத்துப்போகும். இருபுறமும் சமமாக வந்துவிட்டதென்று லெட்ஜரை மூடிவிடுவார்கள். பிழை உள்ளே கிடக்கும்.

சாவையே அலகாக வைத்துக்கொண்டால்? அப்படியும் ஒருவர் செய்து பார்த்தார். லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்ஸன், இங்கிலாந்துக்காரர், வானிலை விஞ்ஞானி, க்வேக்கர். முதல் யுத்தத்தில் துப்பாக்கி எடுக்க மறுத்து ஆம்புலன்ஸ் ஓட்டினார். பிறகு ஆயுளில் பெரும்பகுதியை, மனிதர் மனிதரைக் கொன்ற சண்டைகள் அனைத்தையும் ஒரே அளவுகோலில் நிறுத்துவதில் செலவிட்டார். யுத்தம், கலகம், கொலை என்ற பெயர் வித்தியாசங்களை அவர் பொருட்படுத்தவில்லை. செத்தவர் எண்ணிக்கையின் மடக்கைதான் சண்டையின் பரிமாணம். ஒரு கொலை பூஜ்யம். ஒரு கோடிப் பேர் செத்த யுத்தம் ஏழு. 1953-ல் அவர் இறந்தார். புத்தகம் 1960-ல்தான் வந்தது. நேர்மையான முயற்சி என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. சாம்ராஜ்யங்களின் பெருமையையும் தெருக்கொலையின் கேவலத்தையும் ஒரே கோட்டில் நிறுத்தியதே ஒரு விமர்சனம்தான்.

ஆனால் 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் ஒரே குடிசையில் எரிந்த 44 பேர் அந்த அளவுகோலில் ஒன்றரைக்குச் சற்று மேல். அதற்கு முந்திய வருஷங்களில் அந்த ஊரில் என்ன நடந்தது என்பதற்கு அதில் இடமே கிடையாது. சைபருக்கு மடக்கை இல்லை. செத்த பிறகு அரசாங்கம் கணபதியா பிள்ளை கமிஷன் போட்டு நெல்லை அளந்தது, 1969-ல் கீழத்தஞ்சைக்கு நியாயக் கூலிச் சட்டம் வந்தது. கூலித் தகராறைக் கூலித் தகராறு என்று ஒப்புக்கொள்ள 44 பிணம் தேவைப்பட்டது. இலக்கியமும் இதில் பெரிதாகச் சாதித்துவிடவில்லை. இந்திரா பார்த்தசாரதியின் 'குருதிப்புனல்' பண்ணையாரின் ஆண்மைக் குறையில் போய்க் காரணத்தைத் தேடியது. நெல்லும் சாதியும் கண்முன்னே கிடக்க, நாவலாசிரியரின் கை ஃப்ராய்டை நோக்கிப் போனதற்கு நம் நவீனத்துவத்தின் ஒரு பழக்கம் காரணம் என்று தோன்றுகிறது. அது தனியாக எழுதவேண்டிய விஷயம்.

மனித நாளுக்குத் திரும்புவோம். ரயில்வே ஸ்ட்ரைக் நடந்த 1974-ல் இழப்பு 4 கோடி மனித நாளைத் தாண்டியது. பம்பாய்ப் பஞ்சாலை வேலைநிறுத்தத்தின் 1982-ல் ஏழரைக் கோடியைத் தொட்டது. இடையில் எமர்ஜென்ஸியின் 1976-ல் அது ஏறத்தாழ 1.27 கோடி. எண்ணை மட்டும் பார்ப்பவருக்கு நாடு சாந்தமடைந்துவிட்டது. அந்த 1.27 கோடியைப் பிரித்துப் பார்த்தால் முக்கால் பங்குக்கு மேல் கதவடைப்பு; தொழிலாளர் நிறுத்தியது போக முதலாளிகள் நிறுத்தியது அது. ஸ்ட்ரைக் செய்ய முடியாத வருஷத்தில் லாக்-அவுட் செய்ய முடிந்தது. குறைந்தபட்ச போனஸ் 1975-ல் 8.33 சதவீதத்திலிருந்து 4 சதவீதமாகக் குறைக்கப்பட்டதும் இந்தச் சாந்தத்தில்தான். அது பறிபோனபோது எத்தனை பேர் எத்தனை நாள் உள்ளுக்குள் வெந்தார்கள் என்பதற்கு அலகு இல்லை.

நன்னூல் படித்தவர்களுக்கு வழு, வழாநிலை, வழுவமைதி என்ற மூன்றும் நினைவிருக்கும். வழு என்பது பிழை. வழாநிலை பிழையின்மை. வழுவமைதி நடுவிலே நிற்கிற விசித்திரம்: பிழைதான், ஆனால் ஏதோ ஒரு காரணம் கருதிப் பொறுத்துக்கொள்ளப்படும் பிழை. வீட்டுப் பசுவைப் பார்த்து மகிழ்ச்சியில் 'அம்மா வந்துவிட்டாள்' என்பது திணை வழு. உவகையால் வந்தது என்று அமைத்துக்கொள்கிறோம். அமைதி என்ற சொல்லுக்குச் சமாதானம், மௌனம் என்ற இரண்டோடு இப்படி மூன்றாவது ஓர் அர்த்தமும் தமிழில் இருக்கிறது. அரசாங்கம் தொழில் அமைதி என்று எழுதும்போது முதல் அர்த்தத்தை நினைக்கிறது, இரண்டாவதை எண்ணுகிறது. அது எண்ணிக்கொண்டிருப்பது பெரும்பாலும் மூன்றாவதை என்பதே என் வாதம்.

பெரம்பூரிலிருந்து மேற்கே ரயிலில் போனால் வில்லிவாக்கம், கொரட்டூர், பட்டரவாக்கம் தாண்டி அம்பத்தூர். சுதந்திரத்துக்குப் பிந்திய தொழில் சென்னை இந்தப் பாதையைப் பிடித்துக்கொண்டுதான் வளர்ந்தது. 1949-ல் டி.ஐ. சைக்கிள், 1955-ல் பெரம்பூர் ரயில்பெட்டித் தொழிற்சாலை, பிறகு டன்லப், பாடியில் டி.வி.எஸ். குடும்பத்து ஆலைகள், 1964-ல் அம்பத்தூர் தொழிற்பேட்டை. ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் இந்தக் கம்பெனிகளில் வேலை கிடைத்தவன் ஒரு தலைமுறைக்குக் கரையேறிவிட்டான். சங்கம் இருந்தது, கேட் மீட்டிங் இருந்தது, போனஸ் சண்டை தீபாவளிக்கு முன் வழக்கமாக வரும் ஒரு திதிபோல இருந்தது. இங்கே மனித நாள் கணக்கு ஓரளவு உண்மையாகவே வேலை செய்தது. நிற்கத் தெரிந்தவர்கள் நின்றார்கள், நின்றது எண்ணப்பட்டது.

தொழிற்பேட்டையின் உட்தெருக்களில் விஷயம் வேறு. லேத் பட்டறை, பிரஸ் ஷாப், முலாம் பூசும் ஷெட். பெரிய கம்பெனிக்கு உதிரிப்பாகம் செய்து கொடுக்கும் 'ஜாப் ஒர்க்'. எட்டுப் பேர், ஆறு பேர் வேலை செய்யும் இடங்கள் ஏராளம். தேசியப் புள்ளிவிவரமோ பத்துப் பேருக்குக் குறைவானவர்கள் சம்பந்தப்பட்ட வேலைநிறுத்தத்தைக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆறு பேர் பட்டறையில் பவர் பிரஸ்ஸில் ஒருவன் விரல் போய், மற்ற ஐந்து பேரும் மிஷினை நிறுத்திவிட்டு வெளியே வந்தால், அது நடக்கவே இல்லை. அரசியல் காரணத்துக்காகவோ அனுதாபத்துக்காகவோ நிறுத்தினாலும் சேராது. காண்ட்ராக்ட்காரனின் ஆள் எதிர்த்துப் பேசினால் தகராறு பிறப்பதற்கு முன்பே அவன் ஆள் இல்லாமல் ஆகிவிடுகிறான். ஆக, உலகத்தின் மிக அமைதியான தொழிற்பேட்டைகளில் ஒன்றாக இதைக் காட்ட எந்தப் புள்ளிவிவரத்தையும் திரிக்க வேண்டியதில்லை.

இந்த அலகின்படி பூரண அமைதி எங்கே கிடைக்கும் என்றால், மூடிய ஆலையில். கதவடைப்பு தகராறு, நிரந்தர மூடல் தகராறு அல்ல. பி அண்டு ஸி மில் 1996-ல் மூடியது. தொண்ணூறுகளின் கடைசியில் டன்லப்பும் நின்றது. பிறகு திறப்பதும் நிற்பதுமாகச் சில வருஷங்கள். சம்பள பாக்கிக்கும் கிராஜுவிட்டிக்கும் அலைந்தவர்களின் நாட்களும் மனித நாட்கள்தான். அவற்றை யாரும் கூட்டவில்லை.

ஆவடிக்கு இரண்டு புகழ். 1955 ஜனவரியில் காங்கிரஸ் மகாசபை இங்கே கூடி, சோஷலிச பாணி சமுதாயமே லட்சியம் என்று தீர்மானம் போட்டது. பிறகு அறுபதுகளில் கனரக வாகனத் தொழிற்சாலை வந்து 1965-ல் விஜயந்தா டாங்கி வெளிவந்தது. பாதுகாப்புத் தளவாடத் தொழிற்சாலைகளைக் கம்பெனிகளாக மாற்றப்போவதாகப் பேச்சு எழுந்தபோது, 2019 ஆகஸ்டு 20-ல் நாடெங்கும் இருந்த 41 தொழிற்சாலைகளின் தொழிலாளர் ஏறத்தாழ 80,000 பேர் ஒரு மாத வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். ஆவடியும் அதில் ஒன்று. பேச்சுவார்த்தை என்ற உறுதியின்பேரில் ஒரு வாரத்துக்குள் அது நிறுத்திவைக்கப்பட்டது. 2021-ல் அரசாங்கம் முடிவையே அறிவித்துவிட்டது. சங்கங்கள் ஜூலை 26 முதல் காலவரையற்ற வேலைநிறுத்தம் என்றன. ஜூன் 30-ல் அவசரச் சட்டம் வந்தது. வேலைநிறுத்தம் செய்தால் ஓராண்டுவரை சிறை, தூண்டினால் இரண்டாண்டு. ஜூலை 26 வந்தது, போயிற்று. ஆகஸ்டில் பார்லிமெண்டு அதைச் சட்டமாக்கியது. ஓராண்டுக்கு மட்டும் என்று காலக்கெடு வேறு. அந்த ஓராண்டுக்குள் செய்யவேண்டியது செய்து முடிக்கப்பட்டது. அக்டோபர் 1-ல் ஏழு கம்பெனிகள் பிறந்தன. அவற்றில் ஒன்றுக்கு ஆவடியே தலைமையகம்.

அதே ஆலைகள், அதே ஆட்கள், அதே பிரச்னை. 2019-ல் அட்டவணையில் சில லட்சம் மனித நாள். 2021-ல் சைபர். இரண்டில் எந்த வருஷம் ஆவடி அதிகக் கலக்கத்தில் இருந்தது என்று அங்கே டீக்கடையில் நிற்கிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

அந்த வருஷம் முடிவதற்குள் பூந்தமல்லி. இதைச் சற்று நிதானமாகச் சொல்ல வேண்டும். பூந்தமல்லிக்கு மேற்கே பெங்களூர் நெடுஞ்சாலையில் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஃபாக்ஸ்கான் ஆலை. ஆப்பிள் ஐபோன்களைக் கோக்கும் இடம். ஏறத்தாழ 17,000 பேர் வேலை செய்தார்கள், மிகப் பெரும்பாலோர் வெளி மாவட்டங்களிலிருந்து வந்த இளம்பெண்கள். சுற்றுவட்டார விடுதிகளில் தங்கவைத்து, ஷிப்டுக்குப் பஸ்ஸில் கூட்டிப்போய்க் கொண்டுவந்து விட்டார்கள். ஓர் அறையில் ஆறு பேர் முதல் முப்பது பேர்வரை தரையில் படுத்தார்கள் என்பது பின்னால் வெளிவந்த செய்தி. 2021 டிசம்பர் 15-ஐ ஒட்டிப் பூந்தமல்லியை அடுத்த ஒரு விடுதியில் சாப்பாடு விஷமாகி 159 பேர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். சிலர் திரும்பி வரவில்லை. செத்துவிட்டார்கள் என்று பேச்சுப் பரவியது. அது பொய். ஆனால் பக்கத்துப் படுக்கைக்காரி என்ன ஆனாள் என்று கேட்டு விசாரிக்க அவர்களுக்கு ஒரு சங்கம் இல்லை, கேட் மீட்டிங் இல்லை, நோட்டீஸ் போர்டு இல்லை. பதினேழாம் தேதி இரவு அவர்கள் நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். மறுநாளும் மறியல் நீடித்தது. அறுபதுக்கு மேற்பட்ட பெண்கள் பிடித்துவைக்கப்பட்டு விடுவிக்கப்பட்டார்கள். விடுதிகளும் சாப்பாட்டுக்கூடங்களும் தேவையான தரத்தில் இல்லை என்று அந்த மாதக் கடைசியில் ஆப்பிளே ஒப்புக்கொண்டது.

இதை எந்தப் பத்தியில் எழுதுவது? வேலைநிறுத்த நோட்டீஸ் இல்லை. கோரிக்கைப் பட்டியல் இல்லை. கையெழுத்துப்போட நிர்வாகிகள் இல்லை. கதவடைப்பென்று கம்பெனியும் சொல்லவில்லை. போலீஸ் கணக்கில் அது போக்குவரத்து இடைஞ்சல், சட்டவிரோதக் கூட்டம். சுகாதாரக் கணக்கில் உணவு நச்சு. வதந்தி என்று மூன்றாவது ஒரு தலைப்பும் அந்த வாரம் நன்றாக நிரம்பியது. நூறு வருஷத்துக்கு முந்திய புளியந்தோப்புபோலவே ஆலையும் உறங்குமிடமும் தனித்தனி ஃபைலுக்குப் போய்விட்டன. ஒரு வித்தியாசம்: புளியந்தோப்பில் சங்கம் இருந்தும் சேரி அதன் கண்ணில் படவில்லை, பூந்தமல்லியில் விடுதி மட்டும்தான் இருந்தது.

மூன்று வருஷம் கழித்து, 2024 செப்டம்பர் 9-ல், அதே நெடுஞ்சாலையில் இன்னும் மேற்கே சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் தொழிலாளர் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் வேலையை நிறுத்தினார்கள். 37 நாள். சம்பளம், வேலைநேரம் எல்லாம் பேச்சில் இருந்தன. ஆனால் முடிச்சு விழுந்தது சங்கத்தைப் பதிவு செய்வதில். கம்பெனியின் பெயர் சங்கத்தின் பெயரில் வரலாமா என்பதும் அதில் ஒரு வழக்கு. 2025 ஜனவரியில் பதிவாயிற்று. மனித நாள் கணக்கில் இது தமிழ்நாட்டின் அமைதி குலைந்த காலம். முதலீட்டாளர் என்ன நினைப்பார்கள் என்று கவலைப்பட்டு எழுதியவர்கள் இந்த எண்ணைத்தான் கையில் வைத்திருந்தார்கள். 2021 டிசம்பர் 14-ம் தேதியோடு ஒப்பிட்டால் குலைவுதான். அன்றைக்கு அந்த விடுதியில் எல்லோரும் சாப்பிட்டுவிட்டுத் தூங்கப் போனார்கள். எந்தப் பத்தியிலும் ஒன்றும் எழுத வேண்டியிருக்கவில்லை.